மண்ணைக் காக்க வந்த பச்சைக் கம்பளம்

கலிஃபோர்னியா கடற்கரை ஓரமா கார்ல போனவங்க கவனிச்சிருப்பீங்க. மணல்மேடு முழுக்கப் பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி ஒரு செடி. சதைப்பற்றான இலை, மஞ்சளும் ரோஸுமா பூ. பேரு ஐஸ் பிளான்ட். அந்த மண்ணுலயே பிறந்தது மாதிரி தெரியும். ஆனா சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா!

1900களின் தொடக்கத்துல, ரயில் பாதை ஓரம் மண் சரியாம இருக்கணும்னு இதைக் கொண்டுவந்து நட்டாங்க. அப்புறம் நெடுஞ்சாலைக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. 1970கள் வரைக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர்ல நட்டிருக்காங்க. வீட்டுத் தோட்டத்துக்கும் வந்துடுச்சு.

அவங்களைக் குறை சொல்லவும் முடியலை. தேவைப் பட்டியலைப் பாருங்க: உயரமா வளரக்கூடாது, வருஷம் பூரா பச்சையா இருக்கணும், வெயிலும் உப்புக்காத்தும் தாங்கணும், தண்ணி அதிகம் கேக்கக்கூடாது, ஒரு துண்டு ஒடிச்சு நட்டாலே பிடிச்சுக்கணும். எல்லாத்துலயும் பாஸ்! பட்டியல்ல விட்டுப்போன ஒரே கேள்வி, 'இது எங்கே போய் நிக்கும்?'

நிக்கவே இல்லை. ஒரு கிளை வருஷத்துக்கு ஒரு மீட்டர் வரைக்கும் நீளும். ஒரே செடி 50 மீட்டர் அகலத்துக்குப் பரவக்கூடியது. ஒடிஞ்சு விழுந்த துண்டும் வேர் விடும். பழத்தைத் தின்னுட்டு மானும் முயலும் விதையை வேற ஊருக்குக் கொண்டுபோகும். இந்தக் கம்பளத்துக்கு அடியில வேற எதுவும் தலைதூக்க முடியாது. மான்ட்டரே பக்கத்து மணல்மேடுகள்ல வளர்ற மென்சீஸ் வால்ஃபிளவர் மாதிரி அபூர்வமான செடிகளுக்கே இடம் இல்லாம போச்சு.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, இதோட வேர் ஆழமா போகாது. இலையோ தண்ணி நிரம்பி கனக்கும். செங்குத்தான சரிவுல மழை பெய்ஞ்சா அந்த பாரமே மண்ணையும் இழுத்துக்கிட்டுச் சரியும். காவலுக்கு வச்சவனே கன்னம் வச்ச கதை :-) இப்ப தன்னார்வலர்கள் கையால பிடுங்கிட்டிருக்காங்க.

அப்ப வேற என்னதான் நடறது? பதில் அதே மணல்லயே இருந்தது: கடற்கரை ஸ்ட்ராபெர்ரி. தரையோட படரும், எப்பவும் பச்சை, வெள்ளைப் பூ. இந்த இனம் சிலி நாட்டுலயும் உண்டு. ஃப்ரெசியேங்கிற பிரெஞ்சு உளவாளி 1714ல அங்கேருந்து சில செடிகளை பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார். அது வட அமெரிக்காவோட வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரியோட கலந்து பிறந்ததுதான் நாம ஐஸ்க்ரீம்ல சாப்பிடற ஸ்ட்ராபெர்ரி!

இதுவும் ஓடுகொடி விட்டுப் பரவும்தான். ஆனா அந்த ஊர்ச் செடிகளோட காலங்காலமா சேர்ந்து வாழ்ந்த செடி.

கடலோரத்துல வீடும் தோட்டமும் வச்சிருக்கவங்க, கடைக்காரர்கிட்ட 'வேகமா பரவுமா?'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'பக்கத்து மணல்ல தானா என்ன வளருது?'ன்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க.