வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்

உங்க வீட்டு கிச்சன் கத்தியை ஒரு நிமிஷம் கையில எடுத்துப் பாருங்க. பிளேடுல 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'னு அடிச்சிருக்கும். அதைத் தரமான கத்திக்கான முத்திரைன்னு நினைச்சுத்தான் வாங்குறோம். ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி, கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துல இந்த எஃகைப் பார்த்துச் சிரிச்சாங்க. இதை உருவாக்கியவருக்குக் கிடைச்ச பட்டப்பெயர், 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடிச்சவர்'.

அவர் பெயர் ஹாரி பிரேர்லி. 1871இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. பிரேர்லி 12 வயசுலயே ஸ்கூலை விட்டுட்டு ஆலைக்குப் போனார். அங்கேயே வேதியியல் கத்துக்கிட்டு, 1908இல் ஒரு எஃகு ஆய்வுக்கூடத்துக்கே தலைவரானார்.

1912இல் அவர்கிட்ட வந்த வேலை கத்தி சம்பந்தப்பட்டதே இல்லை. துப்பாக்கிக் குழாய்கள் சூட்டுல சீக்கிரம் தேய்ஞ்சு போகுது, அதுக்கு வழி வேணும். எஃகுல குரோமியம் கலந்து பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13 அன்று வார்த்த எஃகுல 12.8 சதவீதம் குரோமியம், 0.24 சதவீதம் கார்பன். மைக்ராஸ்கோப்ல பார்க்குறதுக்காக அதன் மேல அமிலம் தடவினா, அமிலம் அரிக்கவே இல்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு எல்லாம் விட்டுப் பார்த்தார். கறை படியலை.

உடனே அவர் மனசுல வந்தது சாப்பாட்டு மேஜைக் கத்தி. காரணம் இருக்கு. அன்றைய கத்திகள் எல்லாம் கார்பன் எஃகு. நல்லா வெட்டும், ஆனா புளிப்பு பட்டா கறுக்கும், ஈரம் பட்டா துரு ஏறும். சாப்பிட்டு முடிச்சதும் பொடி போட்டுத் தேய்ச்சு வைக்கணும். பெரிய வீடுகள்ல அது வேலைக்காரங்க தலையில விழும்.

நிறுவனம் ஆர்வம் காட்டலை. பிரேர்லியே கத்தி செய்றவங்ககிட்ட எஃகைக் கொடுத்தார். 'இது கத்திக்கு ஆகாது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கே தப்பு? கார்பன் எஃகை 800 டிகிரி அளவுல காய்ச்சித் தோய்ச்சாலே இறுகிடும். இதுக்கு 1000 டிகிரி பக்கம் போகணும். பழைய சூட்டுல காய்ச்சினா மிருதுவாவே இருக்கும், கூர் நிக்காது. கைப்பழக்கம் பழசு, எஃகு புதுசு.

எர்னஸ்ட் ஸ்டூவர்ட்னு ஒரு கத்தி ஆலை மேனேஜர் மட்டும் விடலை. முதல் தடவை செஞ்சு பார்த்தப்போ கருவிகள் வீணாச்சு. அடுத்த தடவை கத்திகள் பொசுக்குன்னு உடையுற அளவுக்கு இறுகிடுச்சு. மூணாவது தடவை பிரேர்லியே பக்கத்துல நின்னார், கத்தி சரியா வந்தது. 'ஸ்டெயின்லெஸ்'ங்கிற பெயரும் ஸ்டூவர்ட் வச்சதுதான். உரிமை யாருக்குங்கிற சண்டையில பிரேர்லி 1915இல் வேலையை விட்டார்.

சரி, அந்தக் கிண்டல் முழுக்கப் பொய்யா? இல்லை. கூர் நிக்கிறதுக்கு முக்கியமானது கார்பன். நல்ல கார்பன் எஃகுக் கத்தியில அது 1 சதவீதம் வரைக்கும் இருக்கும். பிரேர்லியோட எஃகுல அதுல கால்வாசிதான். அந்தக் குறையைப் பிறகு வந்தவங்க கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணாங்க. இன்னிக்கு ஜெர்மன் சமையல் கத்திகள்ல பரவலா இருக்கும் எஃகுல கார்பன் 0.5 சதவீதம், குரோமியம் 15 சதவீதம் அளவுல இருக்கும், கூடவே கொஞ்சம் மாலிப்டினமும் வனேடியமும்.

ஆனா விலை குறைஞ்ச பல கத்திகள் இன்னிக்கும் 1913 கலவைக்குப் பக்கத்துலதான் இருக்கு. நாலு தக்காளி நறுக்கினதும் மழுங்குதுன்னா உங்க கை மேல குறை இல்லை. 'ஸ்டெயின்லெஸ்'ங்கிற வார்த்தை துருவைப் பத்தி மட்டும்தான் வாக்குக் கொடுக்குது. எவ்வளவு கார்பன், எந்தச் சூட்டுல காய்ச்சினாங்கன்னு அது சொல்லாது. ஷெஃபீல்டுல கேட்ட அதே கேள்வியை நீங்களும் கடையில கேட்கலாம்: துரு பிடிக்காது சரி, வெட்டுமா?