தம்பதிகளின் சம்பாஷணையும் கைப்பேசியும்

கணவன் மனைவியரின் சம்பாஷணைக்கு நடுவே ஒரு சாதனம் வந்து அமர்வது நம் காலத்துக்கே உரிய புதுமை அன்று. 'சுதேசமித்திரன்' போன்ற பத்திரிகைகள் காலைக் காப்பியோடு கைக்கு வந்து கணவரின் முகத்தை மறைத்த காலத்திலேயே, அடுக்களையிலிருந்து எழுந்த கேள்விகளுக்கு 'உம்' என்பதே விடையாயிற்று.

எனினும், 1938 ஜூனில் தொடங்கிய சென்னை வானொலி நிலையமும், 1975 ஆகஸ்டில் உதயமான சென்னைத் தொலைக்காட்சியும், கூடத்தில் குடும்பம் முழுவதும் கூடி அனுபவித்தவையாதலால், கேட்ட கச்சேரியையும் பார்த்த 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியையும் பற்றிப் பேசத் தம்பதிகளுக்கு விஷயம் கிட்டிற்று. இரவில் ஒலிபரப்பு ஓய்ந்ததும் அவர்களுடைய அந்தரங்கப் பேச்சுக்கு அவகாசமும் கிட்டிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்தபின் வீடுதோறும் பரவிய கைப்பேசிக்கோ, பொதுவான திரையும் இல்லை, ஓயும் நேரமும் இல்லை. ரசம் பரிமாற வந்த மனைவி, "பையனுக்குக் காய்ச்சல் விட்டதா, பார்த்தீர்களா?" என்று கேட்க, கட்டைவிரலால் திரையைத் தள்ளியபடியே, "போதும், மோர் போடு" என்கிறார் கணவர். மறுநாள் அவர் பேசுகையில் அவள் கவனம் வாட்ஸ்அப்பில் லயித்திருக்கிறது.

அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ராபர்ட்ஸ், மெரடித் டேவிட் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வும், துணைவர் கைப்பேசியில் மூழ்குவதால் பிணக்கு மிகுந்து உறவில் திருப்தி குன்றுவதாகவே கண்டது. முந்தைய சாதனங்கள் பேச்சைச் சற்றே ஒத்திவைத்தன. இதுவோ, செவிகொடுக்கும் பழக்கத்தையே அபகரிக்கிறது.