முதுசமாய் வந்த மோட்டார் வண்டி

முதுசம் என்பது ஈழத்தமிழர் வழக்கிலே பெற்றோர் வழியாக வரும் சொத்து. வயல், வளவு, தோட்டம் ஆகியவற்றையே அச்சொல் பெரும்பாலும் நினைவூட்டும். ஆயினும் சென்ற நூற்றாண்டின் நடுவிலே வேறொரு பொருளும் அவ்வரிசையிற் சேர்ந்தது. அது மோட்டார் வண்டி.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே செல்வோர், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்து வந்தாறுமூலையை அடைவர். வந்து ஆறும் மூலை என்று அவ்வூர்ப் பெயரைப் பிரித்துப் பொருள் கொள்ளலாம். இத்தகைய ஊர்களின் பழைய வளவுகளிலே ஓலைக் கொட்டிலின் கீழ் வந்து ஆறியிருக்கும் வண்டியை மீண்டும் ஓடச் செய்வது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு நாட்டின் வரலாற்றையே தொட்டுப் பார்ப்பதாகும்.

அமெரிக்காவிலும் பழைய வண்டியை வீட்டிலே திருத்தும் வழக்கம் உண்டு. கலிபோர்ணியா இளைஞர்கள் 1930களிலும் 1940களிலும் மலிவான பழைய போர்ட் வண்டிகளை வாங்கி, மேற்தகடுகளைக் கழற்றி எடை குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளிலே வேகம் பார்த்தனர். அவற்றுக்கு ஹொட் ரொட் என்று பெயர். அங்கே பழைய வண்டி மாற்றப்பட்டது வேகத்துக்காக. இங்கே அது மாற்றப்பட்டது பிழைத்திருப்பதற்காக.

இலங்கையர் பெரிதும் விரும்பிய சிறுவண்டிகளுள் ஒன்று மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியிலே வெளியாயிற்று. அகலம் போதாதென்று கண்ட அவர், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, நடுவிலே 4 அங்குலம் சேர்த்தார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அம்மாற்றத்தின் அடையாளமாக இன்றும் நிற்கின்றது. 1960இன் இறுதியிலே பத்து இலட்சமாவது வண்டி செய்யப்பட்டது. 1971இல் இங்கிலாந்திலே அதன் உற்பத்தி முடிவுற்றது. இலங்கையிலோ அதன் வாழ்வு முடியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 1960களிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டது; 1977இன் பின்னரே அது தளர்ந்தது. புதியது கிடையாதபோது பழையதே செல்வமாயிற்று. தந்தை வாங்கிய வண்டியை மகன் ஓட்டினான், பேரன் திருத்தினான். இலக்கத் தகடும் காலத்தைச் சொல்லும். ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய தகடு முற்காலத்தது. சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தாங்கியது 1957இன் தொடக்கத்துக்குப் பிற்பட்டது. அவ்வோர் எழுத்தின் பொருட்டுத் தமிழ்ப் பகுதிகளிலே எழுந்த கிளர்ச்சியையும், 1958இன் கலவரத்தையும் அத்தகடு நினைவூட்டாமற் போகாது.

பின்னர் போர் வந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, அங்குள்ள மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்திலே எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். 1950களின் தொடக்கத்து மைனர் இயந்திரத்தின் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. அக்குறைந்த அமுக்கமே இதற்கு இடங்கொடுத்தது. புதிய வண்டிகள் நின்றபோது பழையன ஓடின.

அதே 1990இலே வந்தாறுமூலையிலும் சூழவுள்ள ஊர்களிலும் வீடுகளை விட்டு ஓடிய மக்கள் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலே தஞ்சமடைந்தனர். செப்டெம்பர் 5ஆம் நாள் அவ்வளாகத்திலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் மீளவில்லை. உடையவர் திரும்பாத வீட்டிலே எஞ்சிய ஒவ்வொரு பொருளும் வேறொரு பொருள் பெறுகின்றது.

ஆகவே இவ்வண்டிகளைத் திருத்துவோருக்குப் பொறுமை வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியை உடனே முடுக்குதல் தவறு. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, உருளைகளுள் எண்ணெய் விட்டு, இயந்திரத்தைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடியதாயின் உயவெண்ணெய் நீர்த்துத் தாங்கிகள் தேய்ந்திருக்கும். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். வாவிக் காற்றின் உப்பு அதன் அடித்தகட்டைத் தின்றிருந்தால், மேற்பூச்சு எவ்வளவு மின்னினும் பயனில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமூட்டுக்குக் கொழுப்பிடத் தவறினால், ஓடும்போதே சக்கரம் சாயும்.

ஆனால் திருத்துவோர் முடிவு செய்யவேண்டியது இன்னொன்றுண்டு. தொழிற்சாலையை விட்டு வந்த நாளிற்போல வண்டியை ஆக்குவதா, வாழ்ந்து வந்த வண்டியாகவே வைத்திருப்பதா? உயிருக்கு இடர் தரும் துருவை அகற்றத்தான் வேண்டும். பிறேக்கைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆயின் பெற்றோல் துளி விடுவதற்கென ஊர்த் தொழிலாளி பொருத்திய சிறுகுழாயையும், அவன் கைச்சம்மட்டி பட்ட ஒட்டுத் தகட்டையும், பழைய இலக்கத் தகட்டையும் களைந்தெறிதல் நன்றன்று. அறுத்து அகலமாக்கிய தழும்பை முன்மூடியிலே தாங்கிப் பிறந்த வண்டி அது. இந்நாடு இட்ட தழும்புகளை மட்டும் மறைப்பானேன்?

வயலை முதுசமாகப் பெற்றவன் வரம்பையும் சேர்த்தே பெறுகிறான். வண்டியைப் பெற்றவன் அதன் தழும்பையும் சேர்த்தே பெறுகிறான்.