பைக் குடிக்கும் சாராயம்

காரைக்கால் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பக்திமான் என்றால் காரைக்கால் அம்மையார். சனிப்பெயர்ச்சிக்கு அலைபவர் என்றால் திருநள்ளாறு. இரண்டுமே இல்லை, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று நீங்கள் குறும்பாகச் சிரிப்பது தெரிகிறது. சரி, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் காரைக்கால். கடல் போக மூன்று புறமும் வெள்ளைக்காரன் ராஜ்யம், நடுவில் 160 சதுர கிலோமீட்டர் மட்டும் இன்னொரு வெள்ளைக்காரன் ராஜ்யம். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுக்கப் பரவியது. நாகூரில் ஒரு சொட்டு கிடைக்காது. கூப்பிடு தூரத்தில் வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சு சர்க்கார். அங்கே தடையும் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. பிறகென்ன? வயிற்றுக்குள் கொஞ்சம், ரப்பர் ட்யூபுக்குள் கொஞ்சம் என்று சாராயம் எல்லை தாண்டியது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் வழக்கம் மாறவில்லை. தமிழ்நாட்டில் இன்று சாராயக் கடை கிடையாது. காரைக்காலில் உண்டு.

இப்போது அதே வாஞ்சூர் வழியாக இன்னொரு கூட்டம் வருகிறது. பரம யோக்கியர்கள். வாயில் ஒரு சொட்டு படாதவர்கள். பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து, எல்லையோர பங்க்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். பெட்ரோலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். புதுச்சேரி வரி குறைவு என்பதால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். நாகப்பட்டினம் மாவட்டத்துக்காரர் தெற்கிலிருந்து வருகிறார். மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர் வடக்கே பூவம் பக்கமிருந்து வருகிறார்.

அந்த யோக்கியர்கள் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. திரும்பிப் போகும்போது அவர்கள் டேங்க்குக்குள்ளும் சாராயம் இருக்கிறது!

விளையாட்டில்லை. இன்று நாடு முழுக்க பங்க்குகளில் வரும் சாதாரண பெட்ரோலில் சுமார் 20 சதவிகிதம் எத்தனால். சாராயத்தில் போதை தருகிற அதே சரக்கு. ஐந்து லிட்டர் போட்டால் ஒரு லிட்டர் அதுதான். (உடனே ட்யூப் போட்டு உறிஞ்சிப் பார்க்காதீர்கள். மீதி நாலு லிட்டர் பெட்ரோல்.) வரி மாறலாம், விலை மாறலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாஞ்சூருக்கும் நாகூருக்கும் வித்தியாசமே இல்லை.

மனிதன் குடித்தால் ஈரல் கெடும். பைக் குடித்தால் என்ன கெடும்? அதைத் தெரிந்துகொள்ள டேங்க்கின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாம் தகடுதான். இரும்புத் தகட்டை வளைத்து, வெல்டிங் அடித்து, மேலே பெயின்ட். கனம், துரு என்ற இரண்டு குறைகளைத் தவிர பெரிய புகார் இல்லை. 1960-களில் பிரிட்டனிலும் ஸ்பெயினிலும் ஃபைபர் கிளாஸ் டேங்க் மோகம் பிடித்தது. எடை குறைவு, வேண்டிய வடிவத்தில் வார்க்கலாம். ஆனால் விழுந்தால் விரிசல் விடும். விரிசலில் பெட்ரோல், பக்கத்திலேயே சூடான இன்ஜின். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டன், இனி சாலையில் ஓடும் புது பைக்குக்கு உலோக டேங்க்தான் என்று சட்டம் போட்டது. தப்பிப் பிழைத்த பழைய ஃபைபர் டேங்க்குகளுக்குப் பிற்பாடு எமனாக வந்தது எத்தனால். அந்தக் காலத்துப் பிசினை அது கரைத்துவிடும். கரைந்த பிசின் கார்புரேட்டரில் போய்ப் பாகு மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து வந்தது அசல் பிளாஸ்டிக். 1973-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன் பஸ்ஸாத் காரில் பிளாஸ்டிக் டேங்க் வைத்தது. துருப்பிடிக்காது, அடிபட்டால் கிழியாமல் நசுங்கும். கார் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சிக்கல் ஒன்றுதான். சாதாரண பாலிஎத்திலின் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்லக் கசியும். அப்படிப்பட்ட டேங்க்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் நாலு மாதத்தில் அடியில் கொப்புளம் கிளம்பும். காற்று மாசு சட்டங்கள் இறுகியதும் கார்க்காரர்கள் பல அடுக்கு டேங்க் செய்து, நடுவில் ஆவியைத் தடுக்கும் ஓர் அடுக்கைச் செருகிவிட்டார்கள்.

பைக்கில் சில கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. நைலான். ஆமாம், சேலை நைலானின் சொந்தக்காரன்தான். பெட்ரோல் ஆவியை நன்றாகத் தடுக்கும், பளபளவென்று பெயின்ட் பிடிக்கும். ஆனால் நைலானுக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரையும் ஆல்கஹாலையும் கண்டால் இழுத்துக்கொள்ளும். இழுத்தால் வீங்கும்.

கார் டேங்க் நாலு மில்லிமீட்டர் வீங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? அது வண்டிக்கு அடியில் தொங்குகிறது. பைக்கில் டேங்க் இருப்பது நம் இரண்டு முழங்காலுக்கு நடுவில், சட்டத்தின் மேல் கச்சிதமாக. 2000-களின் நடுவில் வெளிவந்த இத்தாலிய டுகாட்டி பைக்குகளை ஆசை ஆசையாக வாங்கிய அமெரிக்கர்கள் பார்த்தார்கள்... டேங்க் ஊதிக்கொண்டு வருகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் இடிக்கிறது. ஒரு முறை கழற்றினால் மறுபடி மாட்ட முடியவில்லை, போல்ட் ஓட்டை நகர்ந்துவிட்டது! அமெரிக்காவில் அப்போதே 10 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் சர்வசாதாரணம். 2010-ல் கலிஃபோர்னியாவில் உரிமையாளர்கள் சார்பாக வழக்குப் போட்டார்கள். 2012-ல் சமரசம். கம்பெனி டேங்க் வாரன்டியை நீட்டித்துக் கொடுத்தது. மாற்றித் தந்த டேங்க்கும் அதே ரகம்தான் என்று புலம்பியவர்கள் உண்டு. சிலர் டேங்க்கை வாரக்கணக்கில் காயவைத்துச் சுருங்கச் செய்தார்கள், உள்ளே எபாக்ஸி பூசினார்கள்.

பத்து சதவிகிதத்துக்கே இந்தக் கூத்து.

‘நம்ம ஊர் ஸ்ப்ளெண்டருக்கும் டுகாட்டிக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். நியாயம். நம் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் டேங்க் இரும்புத் தகடு. அது வீங்காது. ஆனால் டேங்க்குக்குக் கீழே வந்து பாருங்கள். பெட்ரோல் குழாய் ரப்பர். திறந்து மூடும் காக்கில் வாஷர். கார்புரேட்டரில் மிதவை, ரப்பர் வளையம், கேஸ்கெட். டேங்க் மூடிக்கும் ரப்பர். பழைய வண்டியில் இவையெல்லாம் எந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை? சில ரப்பர் ஊறும், சில காய்ந்து வெடிக்கும். டுகாட்டிக்காரருக்கு டேங்க் நடத்திய நாடகத்தை நமக்கு ஐந்து ரூபாய் வாஷர் நடத்திக் காட்டும்.

இரும்புக்கும் நிம்மதி இல்லை. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தீராத காதல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா கடற்கரைக் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உப்பே கசிந்துவிடும். அரை டேங்க் பெட்ரோலோடு வண்டி மாதக்கணக்கில் நின்றால் மேலே உள்ள காலியிடம் அந்த ஈரக் காற்றை மூச்சுவிடும். மூடி ரப்பர் பழசு என்றால் மழைத் தண்ணீரே இறங்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறியதும் பெட்ரோலை விவாகரத்து செய்துவிட்டுத் தண்ணீரோடு கைகோத்து அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இன்ஜினுக்குப் பெட்ரோல் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. உதைத்தால் வண்டி கிளம்பாது. அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

சரி, இந்த யோசனை யாருக்கு எப்போது வந்தது? புதுசு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, நம் ஊரில் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்தக் காலத்திலேயே இருந்த யோசனைதான். சுதந்திரம் வந்த மறுவருடமே, 1948-ல், பெட்ரோலில் ஆல்கஹால் கலக்க ஒரு மத்தியச் சட்டம் வந்தது. ஒரு பக்கம் சென்னை மாகாணம் முழு மதுவிலக்கு. அதே வருடம் வண்டிக்கு ஊற்றிக் கொடுக்க டெல்லியில் சட்டம்! அந்தச் சட்டம் அரை நூற்றாண்டு தூங்கியது. 2000-ல் அதை ரத்து செய்தார்கள். ரத்து செய்த அடுத்த வருடமே எத்தனால் கலந்து சோதனை ஆரம்பம். நம் சர்க்காரின் நகைச்சுவை உணர்வு அலாதியானது.

2003 ஜனவரியில் ஒன்பது மாநிலங்கள், நான்கு யூனியன் பிரதேசங்களில் 5 சதவிகிதம். தமிழ்நாடும் புதுச்சேரியும் பட்டியலில் இருந்தன. 2022-ல் 10 சதவிகிதம். 2023 பிப்ரவரியில் பெங்களூரில் பிரதமர் 20 சதவிகித பெட்ரோலைத் தொடங்கிவைத்தார். முதலில் 2030 என்று வைத்திருந்த இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. கரும்பு விவசாயிக்குப் பாக்கி தீரும், மக்காச்சோளத்துக்கும் உடைந்த அரிசிக்கும் விலை கிடைக்கும், கச்சா எண்ணெய்க்குக் கொட்டும் டாலர் மிச்சம். இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான். நான் எதிர்க்கட்சி இல்லை.

ஆனால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் பாகங்கள் இந்த 20 சதவிகிதத்தைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் விற்ற கோடிக்கணக்கான வண்டிகள்? நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்றது. பழைய வண்டிகளுக்காக 10 சதவிகித பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றது. 2025-ல் ஊரெல்லாம் புலம்பல் கிளம்பியபோது பெட்ரோலிய அமைச்சகம், சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகம் ஆகாது என்று விளக்கம் கொடுத்தது. செலவு யாருடையது என்பதில் சந்தேகமில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும், பங்க்கில் அளவை எழுதி வைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இப்போது காரைக்காலுக்கே திரும்புவோம். இந்த ஊரில் இன்னொரு விசேஷம். 1962 ஆகஸ்டில் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள், பேரன்கள் இன்று பாரிஸிலும் புறநகரிலும் இருக்கிறார்கள். லீவுக்கு ஊர் வருவார்கள்.

அவர்களில் ஒருவர் பாரிஸில் தன் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது என்ன நடக்கிறது தெரியுமா? பிரான்ஸ் 2009-ல் 10 சதவிகித எத்தனால் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது, எந்தெந்த வண்டி அதைத் தாங்கும் என்று பட்டியல் வெளியிட்டது. தாங்காத வண்டிக்கு எத்தனால் 5 சதவிகிதத்தைத் தாண்டாத பெட்ரோல் தனியாக உண்டு, விலை கொஞ்சம் கூடுதல். 2018-லிருந்து ஐரோப்பா முழுக்க பம்ப்பில் வட்டமான லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். 5 என்றால் 5, 10 என்றால் 10. வண்டியின் டேங்க் மூடி பக்கத்திலும் அதே வட்டம். பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதே மனிதர் டிசம்பரில் காரைக்கால் வருகிறார். போன வருடம் நிறுத்திவிட்டுப் போன பைக், மழையெல்லாம் பார்த்துவிட்டுத் திண்ணையோரம் சாக்கு போர்த்தி நிற்கிறது. டேங்க்கில் பாதி பெட்ரோல் அப்படியே இருக்கிறது. உதைக்கிறார், உதைக்கிறார், கிளம்பவில்லை. மெக்கானிக் பையன் வந்து, டேங்க்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறான். நடுவில் ஒரு கோடு. மேலே பெட்ரோல், கீழே வேறெதுவோ.

“என்னப்பா இது, தண்ணியா?” என்கிறார்.

காரைக்காலில் அந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம். இரண்டுமே சரி.