ஆஸ்பத்திரியில தாத்தா நேரத்துக்குச் சாப்பிட்டாரா?

1/ நன்னிலத்துல அரிசிக்குப் பஞ்சமில்ல. ஆனா ஆஸ்பத்திரியில படுத்திருக்கற பெரியவங்க நேரத்துக்குச் சாப்பிடறாங்களா? இது பழைய கேள்வி.

2/ காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலம், சுமார் 1068. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. நோயாளிக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. மருந்து வேலைக்கு இரண்டு பெண்கள்.

3/ அளந்து கொடுத்தா போதுமா? 1859-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார்: உணவு நிறைய இருந்தும் நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள். அவர்களால் எப்போது சாப்பிட முடியும் என்று யாரும் கவனிப்பதில்லை.

4/ 1994, ஸ்காட்லாந்தின் டண்டீ. அட்மிட் ஆன 500 பேரில் 200 பேருக்கு ஊட்டச்சத்துக் குறைவு. அந்த 200-ல் 96 பேர் கேஸ் ஷீட்ல மட்டும்தான் சத்து பத்தி ஏதாவது குறிப்பு இருந்துச்சு! பிறகு பிரிட்டன்ல, சாப்பாட்டு நேரத்துல அவசரமில்லாத ரவுண்ட்ஸ், டெஸ்ட் எல்லாம் நிறுத்தி வைக்கற வழக்கம் வந்துச்சு.

5/ நாம செய்யக்கூடியது: "வெறும் வயித்துல இருக்கணும்"னு சொன்னா, எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க. டெஸ்ட் தள்ளிப்போனா மறுபடி கேளுங்க. பல்செட் மாட்டி, நிமிர்ந்து உட்கார வெச்சுக் கொடுங்க. புரையேறினா நிறுத்திட்டு நர்ஸ்கிட்ட சொல்லுங்க. தட்டுல எவ்வளவு மிச்சம்னும் சொல்லுங்க. அதுவும் எங்களுக்கு ஒரு ரிப்போர்ட்தான்.