டிராக்டர் வாங்கி ஏமாந்த விவசாயியும், அதனால் பிறந்த சட்டமும்

நிலத்துக்கு ஒரு டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான். விலை என்ன? எத்தனை குதிரைத்திறன்? விலை பில்லில் இருக்கிறது. குதிரைத்திறன் கம்பெனி அச்சடித்துக் கொடுக்கும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளில் இருக்கும் எண் உண்மைதான் என்று யார் சொன்னது?

நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. கம்பெனிக்காரர் என்ன எண்ணை எழுதினாரோ அதுதான் எண். அந்த நிலையை மாற்றியது பெரிய விஞ்ஞானியோ பெரிய கம்பெனியோ அல்ல. நெப்ராஸ்கா மாநிலத்தில் மட்டமான டிராக்டர் வாங்கி ஏமாந்த ஒரு விவசாயி! அவர் பெயர் வில்மாட் குரோசியர்.

குதிரைக்குப் பதில் இரும்பு

1910-களில் அமெரிக்க விவசாயம் முழுக்க முழுக்க குதிரையையும் கோவேறு கழுதையையும் நம்பி இருந்தது. அந்தப் பத்தாண்டில் அங்கே இருந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து 2.5 கோடிக்கு மேல். அவற்றுக்குத் தீனி போடுவதற்கென்றே விளைநிலத்தில் பெரும் பங்கை ஒதுக்க வேண்டியிருந்தது. உழவு இல்லாத மாதங்களிலும் குதிரை தின்னும். டிராக்டரோ வேலை இல்லாத நாளில் எதையும் கேட்காது. விற்பனைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் இதுதான்.

1914-ல் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் தொடங்கியது. கோதுமை விலை ஏறியது. குதிரைகள் கப்பல் கப்பலாகப் போர்முனைக்குப் போயின. 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் பண்ணையில் வேலை செய்த இளைஞர்களும் பட்டாளத்துக்குப் போனார்கள். கையில் காசு இருக்கிறது, ஆள் இல்லை. டிராக்டர் விற்க இதைவிட நல்ல காலம் வேறு எது?

புற்றீசல் போல டிராக்டர் கம்பெனிகள் முளைத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள்! சிலரிடம் உண்மையான தொழிற்சாலை இருந்தது. சிலரிடம் இருந்தது ஒரு படமும், விளம்பரமும், பங்குப் பத்திரமும் மட்டுமே. வாங்கிய இயந்திரம் வயலில் நின்றுபோனால் உதிரி பாகம் கிடைக்காது. கடிதம் எழுதினால் பதில் வராது. சில சமயம் கம்பெனியே இருக்காது.

பெயரை விற்ற கம்பெனி

அந்தக் காலத்தில் கிராமத்து அமெரிக்கர் நம்பிய பெயர் ஒன்று உண்டு. அது ஹென்றி ஃபோர்டு. அவருடைய மாடல் டி கார் விலை மலிவு, பழுது பார்ப்பதும் சுலபம். அவர் டிராக்டரும் செய்யப் போகிறார் என்ற செய்தி பரவியபோது விவசாயிகள் ஆவலோடு காத்திருந்தார்கள்.

மினியாபொலிஸ் நகரத்தில் டபிள்யூ. பேர் யூயிங் என்பவர் இதைக் கவனித்தார். ஃபோர்டு என்ற குடும்பப் பெயர் கொண்ட ஓர் ஆளைத் தேடிப் பிடித்தார். அவரைச் சேர்த்துக்கொண்டு "ஃபோர்டு டிராக்டர் கம்பெனி" என்று ஒன்றைத் தொடங்கினார். ஹென்றி ஃபோர்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பெயரைப் பார்த்து வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஃபோர்டு தன் டிராக்டரை விற்க வந்தபோது தன் பெயரையே அதற்கு வைக்க முடியவில்லை. மோட்டார் கம்பெனியின் பங்குதாரர்களோடு இருந்த தகராறால் அவர் "ஹென்றி ஃபோர்டு அண்ட் சன்" என்று தனிக் கம்பெனி தொடங்கியிருந்தார். 1917-ல் வெளிவந்த அந்த டிராக்டர் "ஃபோர்ட்சன்" ஆனது.

குரோசியரின் டிராக்டர்கள்

வில்மாட் குரோசியர் நெப்ராஸ்காவின் போல்க் கவுண்டியில், ஓசியோலா ஊர்ப் பக்கம் விவசாயம் செய்தவர். 1916-ல் அவர் வாங்கியது மினியாபொலிஸ் "ஃபோர்டு" டிராக்டர். அது வேலைக்கு ஆகவில்லை. விடாமல் சண்டை போட்டு வேறொன்று வாங்கினார். அதுவும் அப்படியே.

அடுத்து அவர் வாங்கியது "புல்" என்ற டிராக்டர். 1914-ல் 335 டாலருக்குச் சந்தைக்கு வந்து பரபரப்பாக விற்ற பெயர் அது. ஒரே ஒரு பெரிய சக்கரம்தான் இழுக்கும், மற்றவை தாங்க மட்டும்தான். குரோசியரை அதுவும் கைவிட்டது.

மூன்றாவதாக ரூமெலி கம்பெனியின் "ஆயில்புல்" வாங்கினார். மூன்று கலப்பை இழுக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட இயந்திரம் அது. அவர் வயலில் அது ஐந்து கலப்பை இழுத்தது!

மற்றவராக இருந்தால் நல்ல டிராக்டர் கிடைத்ததே என்று மகிழ்ந்து போயிருப்பார். குரோசியருக்கு வேறு கேள்வி எழுந்தது. கெட்ட டிராக்டர்களின் தாளும் நல்ல டிராக்டரின் தாளும் வாங்கும்போது ஒன்று போலத்தானே இருந்தன? சொன்னதைவிடக் குறைவாக இழுத்ததும் பொய் எண், சொன்னதைவிடக் கூடுதலாக இழுத்ததும் பொய் எண். எது எது என்று கண்டுபிடிக்க ஒரு விவசாயி ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவருடைய சேமிப்பு ஒரு டிராக்டருக்குத்தான் தாங்கும். அது தவறினால் அந்த ஆண்டு விதைப்பே போய்விடும்.

1919 சட்டம்

குரோசியர் நெப்ராஸ்கா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டர் சார்லஸ் வார்னருடன் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். 1919-ல் அது சட்டமானது. அதன் சாரம் இவ்வளவுதான்:

1. நெப்ராஸ்காவில் விற்கும் ஒவ்வொரு புது டிராக்டர் மாடலும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும்.

2. சோதனை முடிவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படும். முடிவில் நல்லதை மட்டும் வெட்டி எடுத்துக் கம்பெனி விளம்பரம் செய்யக் கூடாது.

3. விற்கும் கம்பெனி மாநிலத்துக்குள்ளேயே உதிரி பாகங்களோடு சர்வீஸ் நிலையம் வைத்திருக்க வேண்டும்.

விற்பனை அனுமதியைக் கொடுத்தது மாநில ரயில்வே கமிஷன்.

மூன்றாவது விதியைப் பலர் கவனிப்பதில்லை. உண்மையில் விவசாயியின் அனுபவம் பேசியது அங்கேதான். அறுவடை நேரத்தில் ஒரு சின்ன பல்சக்கரம் உடைந்து, புதியது வர மூன்று வாரம் ஆனால், அந்த டிராக்டருக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்து என்ன பயன்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மட்டமான டிராக்டரை விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. எது எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னது. முடிவு வாங்குகிறவர் கையில்.

லிங்கனில் நடந்த சோதனை

லிங்கன் நகரத்தில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் துறைக்கு இந்தப் பொறுப்பு வந்தது. 1920 வசந்த காலத்தில் முதல் சோதனை முழுமையாக முடிந்தது. 1-ம் எண் டிராக்டர் "வாட்டர்லூ பாய்" மாடல் என். அதைச் செய்த கம்பெனியை 1918-ல் ஜான் டியர் நிறுவனம் வாங்கியிருந்தது. இன்றுவரை அந்தக் கம்பெனி டிராக்டர் தொழிலில் இருக்கிறது.

அக்கால டிராக்டர்களுக்கு 10-20, 12-25 என்று இரட்டை எண் இருக்கும். முதல் எண் பின்னால் கலப்பையைக் கட்டி இழுக்கும் திறன். இரண்டாவது எண், நின்ற இடத்தில் பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை ஓட்டும் திறன். இழுக்கும்போது சக்கரம் வழுக்குவதிலும் பற்சக்கரங்களின் உராய்விலும் சக்தி வீணாகும். அதனால்தான் முதல் எண் சிறியது.

சோதனையில் முதலில் டிராக்டரைப் பல மணி நேரம் ஓட்டிப் பழக்குவார்கள். பிறகு பெல்ட் மாட்டி, சக்தியை அளக்கும் கருவியோடு இணைத்து அளப்பார்கள். அடுத்து சோதனைப் பாதையில் ஒரு சுமை வண்டியை இழுக்க வைப்பார்கள். எவ்வளவு எரிபொருள் குடித்தது, வேகம் எவ்வளவு, சக்கரம் எவ்வளவு வழுக்கியது, சோதனையின்போது எந்தப் பாகம் உடைந்தது, எதை மாற்றினார்கள் என எல்லாமே அறிக்கையில் ஏறும்.

என்ன மாறியது?

பல டிராக்டர்கள் சோதனைக்கு வரும் முன்பே காணாமல் போயின. வந்தவற்றில் சில, பாகங்களை மாற்றினால்தான் சோதனையையே முடிக்க முடிந்தது. கம்பெனிகள் தங்கள் எண்களைக் கவனமாக எழுதத் தொடங்கின. நெப்ராஸ்கா ஒரு மாநிலம்தான், ஆனால் அறிக்கை எல்லா மாநிலத்துக்கும் போனது. அயோவாவிலோ கான்சஸிலோ இருக்கும் விவசாயியும் டீலரிடம், "நெப்ராஸ்கா சோதனையில் இது என்ன காட்டியது?" என்று கேட்க முடிந்தது.

1930 வாக்கில் சுமார் நாற்பது கம்பெனிகளே மிஞ்சின. இதற்குச் சோதனை மட்டும் காரணம் என்று சொன்னால் அது வரலாற்றுப் பிழை. 1920-ல் விளைபொருள் விலை சரிந்தது. 1922-ல் ஹென்றி ஃபோர்டு ஃபோர்ட்சனின் விலையை 395 டாலராகக் குறைத்தார். அந்த விலைப் போரில் சிறிய கம்பெனிகள் நசுங்கின. ஆனால் பொய் எண்ணை வைத்துப் பிழைக்கும் வழியை அடைத்தது நெப்ராஸ்காதான்.

சோதனை சொல்லாத விஷயம்

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. சோதனை அளந்தது சக்தியையும் எரிபொருளையும்தான். ஓட்டுபவரின் உயிரை அது அளக்கவில்லை.

ஃபோர்ட்சனும் 1920-ல் லிங்கனில் சோதிக்கப்பட்டது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் அந்த டிராக்டரின் முன்பக்கம் மேலெழும்பி, ஓட்டுபவர் மேலேயே பின்புறமாகக் கவிழும் அபாயம் இருந்தது. அப்படிப் பலர் இறந்தார்கள். சோதனை அறிக்கையில் அதற்கென்று ஒரு வரி கூடக் கிடையாது.

கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கி வழி காட்டியது ஸ்வீடன், 1959-ல். அமெரிக்கக் கம்பெனிகள் தாங்களாகவே அதை எல்லா டிராக்டர்களிலும் பொருத்தத் தொடங்கியது 1985-ல்தான். எதை அளக்கிறோமோ அது மட்டும்தான் சீராகிறது. அளக்காமல் விட்டது அப்படியே கிடக்கிறது.

இன்று

நெப்ராஸ்கா சோதனைக்கூடம் இன்றும் இயங்குகிறது. ஓஇசிடி எனப்படும் நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த டிராக்டர் சோதனை விதிகளுக்கு அமெரிக்காவின் நிலையம் அதுவே. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் டிராக்டர் சோதனை செய்கிறது. குரோசியர் கேட்ட அதே கேள்விக்குத்தான் அங்கும் பதில் தேடுகிறார்கள்.

ஆனால் ஒரு முரண். நெப்ராஸ்காவின் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, இப்போது 100 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர்களுக்கே சோதனையைக் கட்டாயமாக்குகிறது. ஐந்து, பத்து ஏக்கரைப் பராமரிக்க, புல் வெட்ட, மண் தள்ள, வேலிக்குக் குழி தோண்ட என்று சிறிய டிராக்டர் வாங்குகிறவர் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். சிறு விவசாயி ஒருவருக்காகப் பிறந்த சட்டம், இன்று பெரிய பண்ணைக்காரர் வாங்கும் இயந்திரத்தையே கட்டாயமாகச் சோதிக்கிறது!

ஆறுதலான விஷயம், 1920 முதல் நடந்த சோதனைகளின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டு பழைய செகண்ட் ஹேண்ட் டிராக்டரை விலை பேசுகிறவர் கூட, அது புதிதாக இருந்தபோது எவ்வளவு இழுத்தது, எவ்வளவு குடித்தது என்று பார்த்துவிட்டுப் போகலாம். அறிக்கை இல்லாத மாடல் என்றால் குரோசியரின் மூன்றாவது விதி இருக்கவே இருக்கிறது. உதிரி பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது. 1916-ல் அவர் வாங்கிய டிராக்டரில் எழுதியிருந்த பெயர் நல்ல பெயர்தான். இழுக்க வேண்டியது பெயர் அல்லவே!