இரண்டு பேர்ச் காணியில் ஒரு வீடு: கொழும்பில் ஏழைகள் எங்கே வாழலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

பெரியம்மாவின் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் வீடு சம்பந்தமான பேப்பர்கள்: எண்பதுகளில் நடந்த கணக்கெடுப்பின்போது கிடைத்த அட்டை, ஆதன வரி கட்டிய பற்றுச்சீட்டுகள், பழைய மின்சார பில்கள். அவரது வீடு கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தோட்டம் என்றால் இங்கே தேயிலை இல்லை. சிங்களத்தில் ‘வத்த’ என்று சொல்லும், ஓர் ஒழுங்கையின் இரு பக்கமும் வீடுகள் நெருங்கி நிற்கும் குடியிருப்பு.

கடந்த வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து அளக்க வந்தவர்கள் கதவில் ஓர் இலக்கத்தை எழுதிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. “பேப்பர் எல்லாம் இருக்கு மகள். உறுதி மட்டும்தான் இல்ல” என்று சொல்லி டின்னை என் மடியில் வைத்தார் பெரியம்மா.

அந்த இலக்கத்தின் அர்த்தத்தைத் தேடித்தான் நான் நகரத் திட்டமிடல் சட்டங்களையும் வர்த்தமானிகளையும் படிக்க ஆரம்பித்தேன். படித்தவற்றில் பெரியம்மாவின் வீட்டோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக எனக்குத் தெரிந்தது வேறோர் இலக்கம்: 150 சதுர மீற்றர்.

6 பேர்ச் என்ற கோடு

1914இல் கொழும்பில் பிளேக் நோய் பரவியது. அடுத்த ஆண்டு, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு மற்றும் நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. கட்டுவதற்கு முன் உள்ளூராட்சி சபையின் அனுமதி, கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ், வீட்டின் பின்னால் திறந்தவெளி, வெளிச்சம் விழும் கோணம் என்று அச்சட்டம் கேட்டவை பெரும்பாலும் சுகாதாரத்தை மனதில் வைத்தவை.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. ஒரு பகுதியை ‘அபிவிருத்திப் பிரதேசம்’ என்று அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துவிட்டால், அங்கே காணியைத் துண்டாடுவதும் கட்டடம் கட்டுவதும் அதிகார சபையின் விதிகளுக்குள் வந்துவிடும். 1986இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு காணித்துண்டின் ஆகக்குறைந்த அளவை 150 சதுர மீற்றர் என்று வகுத்தன. ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர். ஆகவே நாம் பேச்சுவழக்கில் அதை 6 பேர்ச் என்கிறோம். இன்றும் காணி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது “6 பேர்ச் வருமா?” என்றுதான்.

இந்த அளவில் நியாயம் இருக்கிறது. காற்று வேண்டும், மலசலகூடக் குழிக்கு இடம் வேண்டும், தீயணைப்பு வாகனம் வர வேண்டும். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 6 பேர்ச் வாங்க வசதியில்லாதவர் கட்டும் வீட்டுக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாவிட்டால் இணக்கச் சான்றிதழும் கிடையாது. அவை இரண்டும் உறுதியும் இல்லாத வீட்டைக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் எடுக்க முடியாது. வீடு ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அளவு, முழுத் தோட்டங்களையே ‘அனுமதியற்ற குடியிருப்பு’ ஆக்கிவிடுகிறது.

2001இல் கொழும்பு நகரில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வசதி குறைந்த 1,614 குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்வதாகக் கணக்கிட்டது. அவற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி, 50 வீடுகளுக்கும் குறைவான சிறிய தோட்டங்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கற்பனை செய்வதுபோல அவை முடிவில்லாத குடிசைக் கடல் இல்லை. கடைகளுக்குப் பின்னால், பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில், நகரம் முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறு சிறு குடியிருப்புகள்.

பேனா யார் கையில்?

வீட்டுத் திட்ட வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கருமபீடம் மாநகர சபையில், நகர சபையில் அல்லது பிரதேச சபையில் இருக்கிறது. அதனால் இவையெல்லாம் சபையின் முடிவுகள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை.

அபிவிருத்திப் பிரதேசங்களில் அதிகாரம் நகர அபிவிருத்தி அதிகார சபையினுடையது. அது தன் அதிகாரங்களில் ஒரு பகுதியை உள்ளூராட்சி சபைக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. சபையின் திட்டமிடல் குழு விண்ணப்பங்களைப் பார்ப்பது அந்தப் பகிர்வின் அடிப்படையில்தான். எந்த வலயத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம் என்று சொல்லும் அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிப்பது அதிகார சபை. உள்ளூராட்சி என்பது 13ஆவது திருத்தத்தின்படி மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயம். அதிகார சபையோ கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழ் இயங்குகிறது. பெரியம்மா வாக்களித்துத் தெரிவு செய்யும் உறுப்பினரால் வடிகாலைத் திருத்தித் தரச் சொல்ல முடியும். வலய வரைபடத்தின் நிறத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை.

அந்த உறுப்பினரும் எப்போதும் இருக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. தேர்தல் ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் இரண்டு வருடங்களுக்கு மேல் அதிகாரிகளே சபைகளை நிர்வகித்தார்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து மக்கள் போய்க் கேள்வி கேட்கக்கூடிய, வாக்குக்குப் பயப்படும் ஒருவர் அங்கே இருக்கவில்லை.

2 பேர்ச்சுக்கு இறங்கி வந்த காலம்

இதே அரசு, இதே சட்டத்தின் கீழ், ஒருமுறை வேறு விதமாக நடந்துகொண்டது என்பதுதான் என் தேடலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

1984இல் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் ஆரம்பமானது. ரணசிங்க பிரேமதாச அப்போது பிரதமர். தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நகரத் தோட்டங்களுக்குள் வேலை தொடங்கியபோது, 6 பேர்ச் விதி குறுக்கே நின்றது. அதைக் காரணம் காட்டி மக்களை எழுப்பவில்லை. அந்தக் குடியிருப்புகளை 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ‘விசேட செயற்றிட்டப் பிரதேசம்’ என்று அறிவித்தார்கள். அதன் மூலம் ஆகக்குறைந்த அளவு 50 சதுர மீற்றருக்கு, அதாவது 2 பேர்ச்சுக்கு இறக்கப்பட்டது. ஒழுங்கை எவ்வளவு அகலம், பொதுக் குழாய் எங்கே, எந்தச் சுவர் யாருடையது என்பவற்றை அதிகாரிகளும் குடியிருப்பாளர்களும் ஓரிரு நாட்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, அந்தத் தோட்டத்துக்கென்று கட்டட விதிகளை எழுதினார்கள்.

பெரியம்மாவுக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம். “கயிறு பிடிச்சு, சுண்ணாம்புத்தூள் போட்டு அளந்தாங்க. ஒழுங்கை எவ்வளவு அகலம் வேணும்னு எங்ககிட்டதான் கேட்டாங்க. பெட்டி தூக்கிட்டுப் போற அளவுக்காவது வேணும்னு உங்க பெரியப்பா சொன்னாரு.” சவப்பெட்டியைத்தான் சொன்னார். 2009இல் பெரியப்பாவை அந்த ஒழுங்கை வழியாகத்தான் கொண்டுபோனோம். நாலு பேர் தோள் கொடுக்க இடம் இருந்தது.

அந்த முறைக்குக் குறைகள் இருந்தன. உறுதி எல்லோருக்கும் வந்து சேரவில்லை. பிள்ளைகள் பெருகப் பெருக, 2 பேர்ச்சில் முறையான அத்திவாரம் இல்லாமல் மேலே தட்டுகள் ஏறின. கீழே வெளிச்சம் குறைந்தது. கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு மழைக்கு மழை வெள்ளம். ஆனாலும் அடிப்படை எண்ணம் தெளிவானது. மக்கள் இருக்கும் இடம் முதலில், விதி அதற்கேற்ப.

ஏறக்குறைய அதே காலத்தில் பிரேசிலின் ரெசிஃபே நகரமும் இதே வழியில் போனது. 1983இல் அந்த நகரத்தின் காணிப் பயன்பாட்டுச் சட்டம், ஏழைகளின் குடியிருப்புகளைத் தனி வலயங்களாக ஏற்றுக்கொண்டது. 2001இல் பிரேசிலின் தேசிய நகரச் சட்டத்துக்குள்ளும் அந்த வலயங்கள் சேர்க்கப்பட்டன. அங்கே அது நிலையான வலயமாக வளர்ந்தது. இங்கே ஒரு வீடமைப்புத் திட்டத்தோடு நின்றுவிட்டது.

மேலே ஏறிய காலம்

1998இல் கொள்கை திரும்பியது. தோட்டங்களை உயரமான தொடர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் காணியை முதலீட்டுக்குக் கொடுப்பது என்ற யோசனை வந்தது. அதன் முதல் கட்டடம் 2001இல் பொரளைக்கு அருகே திறக்கப்பட்ட சஹஸ்புர: 14 மாடிகள், 671 வீடுகள்.

2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இராணுவத்தின் துணையோடு இடிக்கப்பட்டன. தொடர்ந்து வந்த நகர மீளுருவாக்கத் திட்டம் 68,812 குடும்பங்களை இலக்காகக் கணக்கிட்டது. அவர்கள் வாழும் காணி சுமார் 900 ஏக்கர். நகரின் மொத்தப் பரப்பில் அது பத்தில் ஒரு பங்குதான். அதிலிருந்து விடுவிக்கப்படும் காணியின் சந்தைப் பெறுமதியே திட்டத்தின் கணக்குக்கு ஆதாரம்.

ஆரம்பக் கட்டடங்களில் ஒரு வீடு சுமார் 400 சதுர அடி. பின்னால் வந்தவை 500 சதுர அடியைத் தாண்டின. ஒரு பேர்ச் 272 சதுர அடி என்பதால், 400 சதுர அடி என்பது ஒன்றரைப் பேர்ச்சுக்கும் குறைவு. அதாவது காணித்துண்டு என்றால் 6 பேர்ச் வேண்டும் என்று சொல்லும் ஒழுங்கு, தொடர்மாடி என்றதும் ஒரு குடும்பத்துக்கு ஒன்றரைப் பேர்ச் பரப்பே போதும் என்று ஏற்றுக்கொண்டது. 2 பேர்ச் காணியில் மகனுக்குக் கலியாணம் என்றால் மேலே ஓர் அறை போடலாம். முன்பக்கம் ஒரு சின்னக் கடை வைக்கலாம். எட்டாம் மாடியில் அவை இரண்டும் முடியாது.

குடிபோன எல்லோரும் வருந்துகிறார்கள் என்று எழுதினால் அது பொய். வெள்ளத்துக்குப் பயப்படாமல் படுக்கிறோம் என்று சொன்னவர்களையும், விலாசம் கொடுக்க இனி வெட்கமில்லை என்று சொன்ன பிள்ளைகளையும் நான் சந்தித்திருக்கிறேன். லிஃப்ட் பழுதான நாளில் தண்ணீர்ப் போத்தலோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த வயதானவர்களையும் சந்தித்திருக்கிறேன். பலர் முன்வைத்த குறை ஒன்றுதான்: எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

வரைபடத்தின் வடக்கும் தெற்கும்

இந்தத் தொடர்மாடிகள் எங்கே நிற்கின்றன? வனாத்தமுல்ல, தெமட்டகொட, மட்டக்குளி, நகர எல்லைக்கு வெளியே கொலன்னாவையின் சாலமுல்ல. கறுவாத்தோட்டத்தில் ஒன்றும் இல்லை. இதற்குப் பின்னால் சதி ஏதும் இருக்க வேண்டிய அவசியமில்லை. தனியார் கட்டும் ஆடம்பர அடுக்குமாடிகளில் ஒரு பங்கைக் குறைந்த வருமானம் பெறுவோருக்கு ஒதுக்க வேண்டும் என்று நம்முடைய விதிகள் கேட்பதில்லை. எல்லா வலயத்திலும் இவ்வளவு மலிவு வீடு வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைப்பதும் இல்லை. அப்படிக் குறிக்காதபோது, ஏழைகளின் வீடு மிச்சமிருக்கும் மலிவான அரச காணியை நோக்கியே போகும். கொழும்பில் அந்த மிச்சம் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும்தான்.

கொம்பனித்தெருவில் இருந்துகொண்டு பக்கத்து வீடுகளில் சமையல் வேலை செய்த பெண்ணுக்கு, தெமட்டகொட என்பது தினமும் இரண்டு பஸ். புறக்கோட்டையில் அதிகாலை லொறி இறக்கும் நாட்டாமைகளுக்கு, நடந்து போகும் தூரம்தான் வேலை. வீட்டின் விலையை மட்டும் குறைத்துவிட்டு, அதன் இடத்தை வேலையிலிருந்து தூரமாக்கினால், குறைந்த விலை பஸ் கட்டணத்தில் திரும்பப் போய்விடுகிறது.

எங்கே போய்க் கேட்கலாம்?

கதவில் இலக்கம் விழுந்தவர்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் தோட்டம் எந்த வலயத்தில் இருக்கிறது, அதற்கு ஏதாவது திட்டம் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா, எண்பதுகளில் அது விசேட செயற்றிட்டப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்கலாம். ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் இதற்கென்று தகவல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம்.

அபிவிருத்தித் திட்டங்கள் இறுதியாவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. அந்த அறிவித்தல் பத்திரிகையின் ஒரு மூலையில் வரும். அதைக் கவனித்து, தோட்டமாகச் சேர்ந்து ஆட்சேபனையைப் பதிவு செய்வது முக்கியம். திட்டம் வர்த்தமானியில் வந்தபின் தனியாகப் போராடுவதைவிட அது பல மடங்கு இலகு.

இப்போது சபைகளில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வடிகாலோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எங்கள் வட்டாரத்தில் இருக்கும் இடத்திலேயே மேம்படுத்தக்கூடிய தோட்டங்கள் எவை என்று ஒரு பட்டியல் தயாரித்து, அவற்றுக்கு 2 பேர்ச் தளர்வைக் கோரி சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தீர்மானம் அதிகார சபையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மக்கள் பிரதிநிதிகள் எழுத்தில் கேட்டார்கள் என்ற பதிவு இருக்கும். 1978ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. அன்றைக்கு 6 பேர்ச்சை 2 பேர்ச்சாக்கியது அந்தச் சட்டம்தான்.

பெரியம்மாவுக்காகத் தகவல் கோரிக்கையை நானே எழுதினேன். கையெழுத்து அவருடையது. அதன் பிரதியையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்துவிட்டார். பதில் வந்ததும் அதையும் அங்கேயே வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.